கம்பியும் சாந்தும்: வள்ளியூர் வட்டாரக் காவல்தெய்வச் சிலைகளும் ஃபெரோசிமெண்ட் கட்டுமுறையும்

1. கேள்வி

நெல்லைச் சீமையின் தென்கோடியில், மகேந்திரகிரிக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே, மழை குறைந்த சமவெளியில் இருக்கிறது வள்ளியூர். மலையைக் குடைந்து அமைத்த முருகன் கோயில் இவ்வூரின் அடையாளம். ஆனால் இங்கிருந்து ஏர்வாடி, பணகுடி, ராதாபுரம், நாங்குநேரி என்று எந்தத் திசையில் புறப்பட்டாலும் வழியெல்லாம் கண்ணில் படுபவை வேறு தெய்வங்கள்: சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன், முண்டன், சாஸ்தா. இவற்றில் பலவற்றுக்கு முன்பு மனித உருவம் கிடையாது. மண்ணையோ செங்கல்லையோ அடுக்கி, மேலே போகப்போகக் குறுகும் தூணாக எழுப்பி, சுண்ணாம்பு பூசிய பீடமே தெய்வம். கொடை எனும் ஊர்த்திருவிழாவுக்கு முன் அதற்கு வெள்ளையடிப்பார்கள். சிதைந்த மூலையை மண் வைத்துச் சரிசெய்வார்கள். இன்று அதே பீடத்துக்குப் பின்னாலோ பக்கத்திலோ அரிவாளை ஓங்கியபடி ஆளுயரத்துக்கு மேல் ஒரு சிமெண்ட் உருவம் நிற்கிறது.

இந்த உருவங்களில் கணிசமானவை நெடுநாள் தாங்குவதில்லை. ஓங்கிய கை முழங்கையில் வெடிக்கிறது. மீசையின் நுனி உதிர்ந்து உள்ளிருக்கும் கம்பி தெரிகிறது. குதிரையின் காலில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடி, அதன் வழியே துருநீர் வழிகிறது. மண்பீடத்தைவிட உறுதியானது என்று நம்பிச் செய்த சிலை, மண்பீடத்தைவிடச் சீர்செய்ய அரிதானதாக ஆகிவிடுகிறது.

சிமெண்ட் சிலை ஏன் உடைகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. சிமெண்டே சிலைக்கு ஆகாத பொருள் என்று விடை சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த விடை போதாது என்பது என் வாதம். தென் தமிழகத்தில் உருவம் சமைப்பதற்கு இரண்டு மரபுகள் இருந்தன. இன்றைய சிமெண்ட் சிலைகள் ஒன்றின் பொருளை எடுத்துக்கொண்டு மற்றொன்றின் முறையில் செய்யப்படுகின்றன. விரிசல் அந்தப் பொருத்தமின்மையிலிருந்து பிறக்கிறது. ஃபெரோசிமெண்ட் என்னும் மென்சுவர்க் கட்டுமுறையின் அடிப்படைகளை வைத்துப் பார்க்கும்போது இது தெளிவாகத் தெரியும்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இப்பொருள் பற்றிய பேச்சு மூன்று திசைகளில் நடந்திருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தன.

முதலாவது, மரபுச்சின்னப் பாதுகாப்பாளர்களின் குரல். பழங்கோயில் திருப்பணிகளில் சிமெண்ட் பயன்படுத்தியதால் நேர்ந்த சேதத்தை அவர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த கோபுரத்தின் மேல் சிமெண்ட் பூசும்போது, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது; உப்பு பூத்துப் பழைய செங்கல் பொடிகிறது. கோயில்கள், பழஞ்சின்னங்கள் பாதுகாப்புக் குறித்து 2021 ஜூன் 7 அன்று 75 வழிகாட்டுதல்களை வழங்கிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னால் இத்தகைய கவலைகள் இருந்தன. அக்கவலை முழுக்க நியாயமானது. ஆனால் அது பழங்கட்டடத்தின் மேல் புதுப்பொருளைப் பூசுவது பற்றியது. வெட்டவெளியில் முற்றிலும் புதிதாக எழும் ஒரு சுடலைமாடன் சிலைக்கு அந்த வாதத்தை அப்படியே பொருத்த முடியாது.

இரண்டாவது, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களின் பார்வை. மதுரை வட்டாரத்தில் மண் உருவம் செய்யும் வேளார்களைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் 1980களில் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. உருவத்தைச் செய்பவரே பூசை செய்பவராகவும் இருப்பதையும், மண் உருவம் அழிந்து அழிந்து மறுபடி செய்யப்படுவதே வழிபாட்டின் ஓட்டமாக இருப்பதையும் இவ்வகை ஆய்வுகள் காட்டின. இந்த நோக்கில் சிமெண்டின் வரவு ஓர் இழப்பு. ஆண்டுதோறும் ஊரைக் கூட்டிய வேலை ஒன்று இல்லாமல் போகிறது. இதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் சிமெண்ட் சிலையை ரசனைக் குறைவின் அடையாளமாக மட்டும் பார்க்கும் பழக்கமும் இதோடு சேர்ந்து வளர்ந்தது. ஊர்மக்கள் வரிபிரித்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பெற்று, தங்கள் குலதெய்வத்துக்கு ஓர் உருவம் கொடுக்கிறார்கள். அந்த ஆசைக்குரிய மரியாதையைக் கொடுக்காமல் அதன் கைவினையை ஆராய முடியாது.

மூன்றாவது, பொறியாளர்களுடையது. சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்களில் ஃபெரோசிமெண்ட் நீண்டகால ஆய்வுப்பொருள். தண்ணீர்த்தொட்டி, கூரைப்பலகை, தானியக்குதிர், சாண எரிவாயுக் கலம் என்று அதன் பயன்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. முன்வார்ப்புத் தொட்டிகளுக்கென்றே 1992இல் இந்தியத் தரக்குறியீடு 13356 வெளியானது. 250 லிட்டரிலிருந்து 10,000 லிட்டர் வரையான தொட்டிகள் அதில் அடங்கும். ஆரோவில்லில் கூரைக்கான வளைவுப் பலகைகள், கதவுகள் முதலியவற்றை இம்முறையில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் தொட்டிக்கு எழுதப்பட்ட விதிகள் சிலை செய்யும் கைக்கு வந்து சேரவில்லை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் சுதைச் சிற்பம் தனிப் பிரிவாகக் கற்பிக்கப்படுகிறது. பொறியியல் கல்லூரிகளில் மென்சுவர்க் கட்டமைப்பு கற்பிக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே கையில் கொண்ட மேஸ்திரி கிராமத்தில் அபூர்வம்.

3. படகாகத் தொடங்கிய பொருள்

ஃபெரோசிமெண்டின் முதல் உருவம் ஒரு படகு. தென் பிரான்சில் ஜோசப் லூயி லம்போ என்பவர் 1848இல் கம்பிவலையின் மேல் சிமெண்ட் சாந்தைப் பூசிப் படகு செய்தார். 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அத்தகைய படகு ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். பின்னர் தடித்த கம்பியும் ஜல்லியும் கொண்ட கான்கிரீட்டின் காலம் வந்து இந்த முறை மறக்கப்பட்டது. 1940களில் இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி அதை மீட்டெடுத்தார். 165 டன் எடையுள்ள ‘இரேனே’ என்னும் பாய்க்கப்பலின் உடலை 35 மி.மீ. கனத்தில் கட்டினார். தூரின் நகரக் கண்காட்சி மண்டபத்தின் அலையலையான கூரையை 1948–49இல் இதே பொருளில் எழுப்பினார்.

ராதாபுரம் கடற்கரையில் உவரியில் உள்ள கப்பல் மாதா ஆலயம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கப்பல் வடிவத்தில் கட்டிய கோயில். மேலே ஓர் ஆகாயவிமான உருவமும் உண்டு. அதன் கட்டுமுறை வேறு. அதை ஃபெரோசிமெண்டின் உதாரணமாக நான் சொல்லவரவில்லை. தூணும் உத்தரமும் தரும் நேர்கோடுகளுக்குள் அடங்காத வடிவங்களை இப்பகுதி மக்கள் விரும்பிக் கட்டுகிறார்கள் என்பதற்கு அது சான்று. வளைவையும் உருவத்தையும் இயல்பாகத் தாங்கக்கூடிய கட்டுமுறைக்கு இங்கே தேவை இருக்கிறது.

ஃபெரோசிமெண்டில் கம்பி எவ்வளவு என்பதைவிட எவ்வளவு நுண்ணியதாகப் பகுக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். இதை நம் கண்முன் இருக்கும் ஒரு சிலையை வைத்துப் பார்க்கலாம். மலேசியா பத்துமலையில் 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதியின் கைவண்ணம் அது. வெளியான கணக்குப்படி அதற்கு 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் 250 டன் இரும்புக்கம்பியும் ஆயின. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 161 கிலோ கம்பி என்று ஆகிறது. இரும்பின் அடர்த்தியை வைத்து வகுத்தால், மொத்தக் கன அளவில் இரும்பின் பங்கு சுமார் 2 சதவீதம். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 549ஆம் குழு ஃபெரோசிமெண்டுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1.8 சதவீதம். ஆக, இரும்பின் பங்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

வேறுபாடு பரப்பில் இருக்கிறது. 16 மி.மீ. கம்பியாக இருக்கும் இரும்பை அதே எடைக்கு 1 மி.மீ. கம்பிகளாக இழுத்து வலையாக்கினால், சாந்து பற்றிக்கொள்ளும் பரப்பு 16 மடங்காகிறது. இரும்பு 2 சதவீதம் என்று கொண்டால், ஒரு கன மில்லிமீட்டர் சாந்துக்கு 0.005 சதுர மில்லிமீட்டராக இருந்த பரப்பு 0.08 ஆக உயரும். அந்த 0.08 தான் 549ஆம் குழு வேண்டும் குறைந்தபட்சமும். பரப்பு கூடும்போது விரிசல் ஒரே இடத்தில் வாய் பிளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பல மயிர்க்கோடுகளாகப் பிரிந்து அடங்குகிறது. அவற்றின் வழியே நீர் எளிதில் இறங்காது. 25 மி.மீ. கனமே உள்ள சுவர் வளைந்து கொடுப்பதும் உடையாமல் நிற்பதும் இதனால்தான்.

பத்துமலை முருகனும், சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022 ஏப்ரலில் குடமுழுக்குக் கண்ட 146 அடி முத்துமலை முருகனும் கான்கிரீட் உடல்கள். அவ்வளவு உயரத்துக்கு அதுவே பொருத்தம். கிராமத்துக் கோயிலின் பத்தடி, பதினைந்தடிச் சிலைக்கு அந்த முறை தேவையில்லை. அதற்கு வேறு மரபுகள் ஏற்கெனவே இருந்தன.

4. திண்ம உடலும் எலும்புடலும்

கோபுரத்துச் சுதை உருவங்கள் பெரும்பாலும் திண்ம உடல் கொண்டவை. செங்கல்லை வெட்டி அடுக்கி உருவத்தின் முரட்டு வடிவத்தைக் கொண்டுவருவார்கள். அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பல படலங்களாக ஏற்றி, கடைசிப் படலத்தில் கண்ணும் நகையும் செதுக்குவார்கள். சாந்துக்குச் சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்த நீரும் சேர்த்து அரைப்பது பழைய முறை. உருவம் தன் எடையால் நிற்கிறது. கோபுரத்தின் சுவரே அதன் முதுகு. கை உடலை ஒட்டியிருக்கும். நீட்டினால் பக்கத்து உருவத்தின் மேல் தாங்கும். சுவரை விட்டு விலகிக் காற்றில் நிற்கும் உருவத்துக்கு இம்முறை ஏற்றதன்று.

இரண்டாவது மரபுக்கு மேற்கே, வள்ளியூரிலிருந்து எட்டும் தூரத்திலேயே சான்று இருக்கிறது. குமரி மாவட்டம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் 22 அடிப் பள்ளிகொண்ட திருமேனி கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் ஆனது; 16,008 சாளக்கிராமங்கள் உள்ளே வைக்கப்பட்டவை என்பது மரபு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி திருமேனியும் இதே வகை. திருவட்டாறில் 418 ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடந்தபோது இக்கலவையைப் பற்றிப் பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

இதன் செய்முறையைச் சிற்ப நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்னம் அவற்றுள் ஒன்று. முதலில் மரத்தால் எலும்புக்கூடு. அதற்குச் சூலம் என்று பெயர். தலை, முதுகு, தோள், தொடை என்று உடலின் தாங்கும் கோடுகளை மரச்சட்டங்கள் வகுக்கின்றன. அதன்மேல் தென்னை நாரால் திரித்த கயிறு நரம்புகளாகச் சுற்றப்படுகிறது. அதற்கும் மேல் பலவகை மண்ணும் பிசினும் பிற கூட்டுப்பொருளும் சேர்ந்த கலவை படலம் படலமாக ஏறுகிறது. ஒன்று காய்ந்த பின்தான் அடுத்தது. நரம்பு படலத்தைப் பற்றுகிறது, எலும்பு நரம்பைத் தாங்குகிறது.

இந்த வரிசையைப் பொறியாளர் ஒருவரிடம் சொன்னால் ஃபெரோசிமெண்டின் செய்முறை என்றே எடுத்துக்கொள்வார். மரச்சூலத்தின் இடத்தில் கம்பிச்சட்டம், நார்க்கயிற்றின் இடத்தில் வலை, மண்கலவையின் இடத்தில் சாந்து. லம்போவுக்குக் கடுசர்க்கரை தெரிந்திருந்தது என்று யாரும் வாதிட வேண்டாம். ஒரே சிக்கலுக்கு இரண்டு இடங்களில் ஒரே விடை கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த ஒப்புமை நம் சிற்பிகளுக்கு ஒரு வாசல். ஃபெரோசிமெண்டை வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பமாகக் கற்பிக்கத் தேவையில்லை. எலும்பு, நரம்பு, தசை என்ற வரிசை அவர்களுடைய நூல்களிலேயே இருக்கிறது.

நவீன இந்தியச் சிற்பத்தில் எலும்புடல் முறை சிமெண்டோடு சேர்ந்தது சாந்திநிகேதனில். ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ கம்பிச்சட்டத்தின் மேல் சிமெண்டும் செம்புறைக்கல் சரளையும் கலந்த கலவையை ஏற்றிச் செய்தது. வெண்கலம் வார்க்கப் பணமில்லாத இடத்தில் அந்த மண்ணின் சரளையே சிற்பத்தின் தோலாயிற்று. சண்டிகரில் நேக் சந்த் 1950களின் பிற்பகுதியில் யாருக்கும் தெரியாமல் தொடங்கி, 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தின் உருவங்களும் கழிவு இரும்பின் மேல் சிமெண்டும், அதன்மேல் உடைந்த பீங்கானும் வளையல் துண்டும் பதித்தவை. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கானாயி குஞ்ஞிராமன் 1969இல் மலம்புழாவில் யட்சி சிலையை எழுப்பினார். இவர்கள் எவரும் சிமெண்டைக் கல்லுக்கோ வெண்கலத்துக்கோ மாற்றாக நினைத்து, அவற்றைப் போலத் தோன்றச் செய்யவில்லை. நம் கிராமத்துச் சிலைகளுக்கும் அவற்றுக்கும் இடையிலுள்ள தொலைவில் இதுவும் ஒரு பகுதி.

5. உடைந்த கையில் தெரிவது

வள்ளியூர் வட்டாரத்தில் உடைந்த சிமெண்ட் சிலையை அருகில் போய்ப் பார்ப்பவருக்கு அதன் வரலாறு முழுவதும் அந்த உடைப்பிலேயே கிடைக்கும். ஓங்கிய கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒற்றைக் கம்பி, 8 அல்லது 10 மி.மீ. முறுக்குக் கம்பி. அதைச் சுற்றிச் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் நிரப்பிச் சாந்து அப்பியிருக்கிறது. வலை கிடையாது; இருந்தால், சுவரும் தூணும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காமல் இருக்கக் கொத்தனார் அடிக்கும் கோழிவலையில் மிஞ்சியது ஒரு சுற்று. கம்பி கையின் மையத்தில் இல்லை. ஒரு பக்கம் மூன்று அங்குலச் சாந்து, மறுபக்கம் அரை அங்குலம். துரு தொடங்கியது அந்த அரை அங்குலப் பக்கத்தில். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். அந்தப் பெருக்கம் சாந்தை உள்ளிருந்து பிளந்திருக்கிறது.

எடையையும் கணக்கிட வேண்டும். 30 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கையைத் திண்மமாகச் செய்தால் ஏறத்தாழ 170 கிலோ. அதே கையை உள்ளே வெற்றிடம் விட்டு 25 மி.மீ. கனத்தில் வலைச்சுவராகச் செய்தால் சுமார் 52 கிலோ. தோள்பட்டையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அந்தரத்தில் நிற்கும் கைக்கு இந்த 118 கிலோ சும்மா ஏறிய சுமை. அது தன்னைத் தாங்கிக்கொள்வதிலேயே தன் வலிமையைச் செலவிடுகிறது. கோபுரத்தில் சுவரோடு ஒட்டி நின்ற திண்ம முறையைச் சுவரில்லாத வெட்டவெளிக்குக் கொண்டுவந்ததன் விளைவு இது.

இதனோடு இவ்வட்டாரத்தின் காற்றும் மணலும் உப்பும் சேர்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருவதால்தான் முப்பந்தலிலும் பணகுடிப் பக்கத்திலும் காற்றாலைகள் சுழல்கின்றன. மின்சாரத்துக்கு நல்ல காற்று ஈரச்சாந்துக்குக் கெடுதல். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் நீர் ஆவியானால் சாந்து இறுகும் முன்பே வெடிக்கும் அபாயம் உண்டு என்பது பொறியியலில் ஏற்கப்பட்ட அளவு. ஆடிமாதக் காற்றில் மறைப்பில்லாமல் பூசிய சிலை அந்த எல்லையை எளிதில் தாண்டும். சாக்கு போர்த்தித் தொடர்ந்து நனைத்தாக வேண்டும். ஆனால் வேலை தொடங்குவதே கொடைக்கு நாள் குறித்த பிறகுதான். கடைசி வாரத்தில் பூச்சு, அதற்கடுத்த நாளே வண்ணம். பச்சைச் சிமெண்டின் காரம் எனாமல் வண்ணத்தின் எண்ணெயைச் சிதைக்கும், வண்ணம் உரியும், உரிந்த இடத்தில் மறுகொடைக்கு இன்னொரு படலம் ஏறும்.

மணலின் கதை இன்னொன்று. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில், 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. ஆற்றைக் காப்பாற்ற அந்தத் தடை அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் பிறகு கொத்தனாரின் கைக்கு வந்தது எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்த தூள்; மணிகள் முனை கூரானவை, மாவும் கலந்திருக்கும். ஆற்றுமணலுக்குப் பழகிய கை, எம்-சாண்ட் சாந்து வழுக்கி ஓடாததைக் கண்டு கூடுதல் நீர் விடுகிறது. ஃபெரோசிமெண்டுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டரைப் பங்கு மணலும், சிமெண்டின் எடையில் 35 முதல் 50 சதவீதம் நீருமே வேண்டும். கூடுதலாக விட்ட நீர் காய்ந்ததும் துளைகளை விட்டுச்செல்லும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்பு அந்தத் துளைகள் வழியே கம்பியை எட்டும்.

சுண்ணாம்பில் ஊறிய கைக்குச் சிமெண்ட் ஏன் பிடிபடுவதில்லை என்பதற்கு ஒரு வேதியியல் காரணமும் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் உறுதி கூடும். காற்று அதற்கு நண்பன். சிமெண்டிலும் அதே வாயு அதே வழியில்தான் நுழைகிறது. ஆனால் அங்கே கம்பியைச் சுற்றியுள்ள காரத்தன்மையைக் குறைத்து, துருப்பிடிக்காமல் காத்த கவசத்தைக் கரைக்கிறது. சுதைச் சிற்பிக்குக் காலம் என்பது முதிர்ச்சி. கம்பி பொதிந்த சிமெண்டில் காலத்தைத் தடுத்து நிறுத்துவதே வேலை. சாந்தை அடர்த்தியாக்குவது, வலையை எல்லா இடத்திலும் சீராகப் பரப்புவது, நீர் தேங்கும் மடிப்புகளைத் தவிர்ப்பது எல்லாம் அதற்காகத்தான்.

6. ஒரு கை எப்படி உருவாக வேண்டும்

சரியான முறையில் செய்தால் அதே கை இப்படி எழும். தோளுக்குள்ளிருந்து வரும் மூன்று 6 மி.மீ. கம்பிகள் முக்கோணமாக நீண்டு, முழங்கையில் ஒரு வளையத்திலும் மணிக்கட்டில் இன்னொரு வளையத்திலும் கட்டுக்கம்பியால் பிணைக்கப்படுகின்றன. இதுதான் சூலம். விரல்களுக்கு அந்தக் கம்பிகள் பெரியவை. இரட்டையாக முறுக்கிய கட்டுக்கம்பியே போதும். வளையங்களின் மேல் துத்தநாகப் பூச்சிட்ட சதுரக்கண் வலை இரண்டு சுற்று. மூட்டுகளில், அக்குளில், அரிவாளைப் பிடிக்கும் உள்ளங்கையில் இன்னும் ஒன்றிரண்டு சுற்று. வலைகள் தளராமல் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு கட்டு. இந்த நிலையிலேயே தள்ளி நின்று பார்த்தால் கையின் வீச்சும் உடலின் திருப்பமும் தெரிந்துவிட வேண்டும். சாந்தை வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் கனம் ஏறிவிடும். சிற்பியின் திறமை முழுதும் இங்கே கம்பியில் இருக்கிறது.

பின்பு சாந்து. கரண்டியால் தேய்ப்பதைவிடக் கையுறை அணிந்த விரலால் வலைக்கண்களுக்குள் அழுத்துவது மேல். ஒரு பக்கத்திலிருந்து அழுத்தினால் மறுபக்கம் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் காற்றுக்குழி இருக்கிறது என்று பொருள். முதல் அழுத்தலில் வலை மறைந்தால் போதும். அது பிடித்த பின், ஈரம் காயும் முன்பாக இரண்டாம் படலம். வலைக்கு வெளியே நாலைந்து மில்லிமீட்டர். முகத்துக்கும் நகைக்கும் மட்டும் மூன்றாவது. அன்று மாலையிலிருந்து இரண்டு வாரமாவது ஈரச்சாக்கு. வண்ணம் பூச ஒரு மாதமேனும் பொறுக்க வேண்டும். கையின் அடியில், பார்வையில் படாத இடத்தில் சிறு துளை விட்டால் உள்ளே வியர்க்கும் நீர் வடியும்.

இதில் எந்தப் படியும் உள்ளூர்க் கொத்தனாருக்கு அந்நியமல்ல. வலையும் கட்டுக்கம்பியும் வள்ளியூர் கடைத்தெருவில் கிடைப்பவை. சிமெண்டின் அளவு திண்மச் சிலையைவிடக் குறையும். கூடுவது கம்பி கட்டும் நாட்கள். கூலிக்கணக்கில் ஊர்க்கமிட்டி தயங்குவதும் அந்த நாட்களில்தான். சாந்து அப்பும் நாளில் சிலை வளர்வது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கம்பி கட்டும் நாளில் எதுவும் நடக்காதது போலத் தோன்றுகிறது.

7. எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. கடற்கரைச் சூழலில் கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரக்குறியீடு 456. ஃபெரோசிமெண்டில் வலையின் மேல் இருப்பதோ நாலைந்து மில்லிமீட்டர். உவரி, கூடங்குளம், இடிந்தகரை போன்ற ஊர்களில் இது போதுமா? சாந்தின் அடர்த்தியும் மயிர்க்கோடு விரிசல்களும் துத்தநாகப் பூச்சும் சேர்ந்து அந்தக் குறையை ஈடுசெய்யும் என்பது பொறியாளர்களின் பதில். உள்நாட்டு ஊர்களுக்கு அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதே. கடலோரத்துக்கு அது போதாது. அங்கே துருப்பிடிக்காத எஃகு வலையோ காரம் தாங்கும் கண்ணாடியிழை வலையோ வேண்டும், செலவு கூடும். அந்தச் செலவுக்கு வழியில்லாத கடலோர ஊர், பழையபடி சுண்ணாம்புப் பீடத்தோடு இருப்பதே நல்லது.

இன்னொரு மறுப்பு ஆகமம் சார்ந்தது. கருவறைத் திருமேனி கல், உலோகம், மரம், சுதை, கடுசர்க்கரை என்று வகுக்கப்பட்ட பொருள்களில்தான் அமைய வேண்டும். அதில் தலையிட இக்கட்டுரைக்கு உரிமையும் நோக்கமும் இல்லை. பழங்கோபுரச் சுதை உருவங்களும் அப்படியே. அவற்றைச் சுண்ணாம்பில்தான் சீர்செய்ய வேண்டும். அங்கே ஃபெரோசிமெண்டுக்கு இடமே இல்லை. காவல்தெய்வக் கோயில்களின் வெளி உருவங்கள், குதிரை, வேட்டைநாய், வாயில் பூதம், ஊர் நுழைவு வளைவு, பள்ளி வளாகத்துச் சிற்பம் ஆகியவையே இம்முறைக்குரிய களம்.

மூன்றாவது, பராமரிப்பு பற்றியது. இதை நாட்டார் வழக்காற்றியலாளர்கள் எழுப்பும் கேள்வியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் அவற்றுக்கேற்ற கவனிப்பு முறை வழிபாட்டுக்குள்ளேயே அமைந்திருந்தது. திருவரங்கத்துச் சுதைத் திருமேனிக்கு நீராட்டு இல்லை, தைலக்காப்பு உண்டு. கடுசர்க்கரை மூலவருக்கும் நீராட்டு கிடையாது. கோபுரச் சுதைக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி. மண்பீடத்துக்கு ஆண்டுக்கொரு வெள்ளை. சிமெண்ட் சிலை மட்டும் ஒருமுறை செய்தால் போதும் என்ற நம்பிக்கையோடு வந்தது. கவனிப்பு என்ற பேச்சே அதனோடு வரவில்லை. விரிசலின் மேல் வண்ணம் அடிப்பதே அதற்குக் கிடைக்கும் ஒரே சிகிச்சை. வண்ணம் விரிசலை மறைக்கிறது, உள்ளே புகுந்த நீரை அடைத்து வைக்கிறது.

ஃபெரோசிமெண்டுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. சேதமான இடத்தைத் தட்டி எடுத்து, துருப்பிடித்த வலையை வெட்டிவிட்டு, புதுத்துண்டைப் பழைய வலையோடு ஆறு அங்குலம் ஏறக் கட்டி, மறுபடி சாந்து ஏற்றலாம். தொட்டிகளையும் படகுகளையும் இப்படித்தான் சீர்செய்கிறார்கள். கொடைக்கு ஒரு மாதம் முன்பே சிலையைத் தட்டிப் பார்த்து, ஓசை மாறும் இடத்தில் குறியிட்டு, அந்த இடத்தை மட்டும் திறந்து சரிசெய்யலாம். கொடைக்கான கால்நாட்டுக்கு முன் செய்யும் வேலைகளில் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொள்ளும் ஊரில், பீடத்துக்கு வெள்ளையடிக்கும் அதே கைகளே சிலையையும் பார்த்துக்கொள்ளும். அதற்கு முதலில், சிலை செய்யும்போது உள்ளே என்ன கம்பி, எத்தனை சுற்று வலை, எந்தெந்த இடத்தில் என்று ஒரு தாளில் வரைந்து ஊர்க்கமிட்டியின் கணக்குப் புத்தகத்தோடு வைக்க வேண்டும். அடுத்த தலைமுறைக் கொத்தனார் உளியை எங்கே வைப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.